பாட்டு சிஸ்டரின் குரலும் நாங்கள் எழுதிய கடிதமும்

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது பழமொழி. இது கணிப்பொறிக்கும் பொருந்தும் என்று யாராவது சென்ற ஆண்டு சொல்லியிருந்தால் நாங்கள் சிரித்திருப்போம். இவ்வாண்டு பட்டுத் தெரிந்துகொண்டோம். அந்தக் கதையையும், அதன் வழியாக நாங்கள் கற்ற பாடத்தையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

எங்கள் ஆய்வகத்தில் உள்ள கணிப்பொறிகளில் இயங்குவது லினக்ஸ். 1991-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் இதன் கருப்பகுதியை எழுதி வெளியிட்டார். பின்னர் உலகெங்குமுள்ள பல்லாயிரம் பேர் அதைச் சுற்றிப் பலவற்றையும் எழுதிச் சேர்த்தனர். இதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். தமிழக அரசு 2011-இல் வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் 'பாஸ்' என்னும் இந்திய லினக்ஸைப் பார்த்த அக்காமார் நம் வீடுகளில் இருப்பார்கள். அதைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்!

இனி எங்கள் கதைக்கு வருவோம். பள்ளி ஆண்டு விழாக் கண்காட்சிக்காக, ஓய்வு பெற்ற மூத்த அருட்சகோதரி ஒருவரின் நினைவுகளைப் பதிவு செய்யும் பொறுப்பு எங்கள் வகுப்புக்குக் கிடைத்தது. எங்கள் அம்மாக்கள் படித்த காலத்திலேயே பாடகர் குழுவை நடத்தியவர் அவர். இன்றும் எல்லாருக்கும் அவர் 'பாட்டு சிஸ்டர்'தான். எண்பத்து நான்கு வயது. ஆய்வகத்துக்கு வந்து, மைக்கின் முன் அமர்ந்து, நாற்பது நிமிடம் பேசினார். பழைய ஆர்மோனியத்தின் துருத்தியை எலி கடித்த கதையைச் சொன்னார். மின்சாரம் நின்றுபோன ஒரு கிறிஸ்துமஸ் இரவில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாட்டுப் புத்தகம் இல்லாமலே நான்கு குரலில் பாடியதைச் சொன்னார். நடுவில் இரண்டு வரி பாடியும் காட்டினார். நாங்கள் மெய்ம்மறந்து கேட்டுக்கொண்டிருந்தோம். திரையைப் பார்க்கவேண்டியவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் சென்றபின் போட்டுப் பார்த்தோம். ஒன்றுமில்லை. அலை அலையாக இருக்கவேண்டிய இடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நாற்பது நிமிடத்துக்கும் ஒரே நேர்கோடு.

மைக் நன்றாகத்தான் இருந்தது. நாங்கள் தேர்ந்தெடுத்த பெயர்தான் தவறு. எங்கிருந்து ஒலியை எடுக்கவேண்டும் என்று கேட்கும் பட்டியலில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று 'பில்ட்-இன் ஆடியோ'. மற்றொன்று 'மானிட்டர் ஆஃப் பில்ட்-இன் ஆடியோ'. மானிட்டர் என்றால் நமக்குத் தெரிந்தது இரண்டுதான்: கணிப்பொறித் திரை, அல்லது பேசுபவர் பெயரைக் கரும்பலகையில் எழுதும் வகுப்புத் தலைவி. மேற்பார்வை செய்வது நல்லதுதானே என்று அதையே தேர்ந்தெடுத்தோம். ஆனால் லினக்ஸில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. ஒலிபெருக்கிக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒலியை ஒட்டுக்கேட்கும் வாயில் அது. அன்று ஒலிபெருக்கிக்கு எதுவும் போகவில்லை. ஆகவே நாற்பது நிமிட மௌனத்தைக் கணிப்பொறி மிகத் துல்லியமாகப் பதிவு செய்திருந்தது.

கணிப்பொறி ஆசிரியை எங்களைத் திட்டவில்லை. "இந்தப் பேர் புரியாம மாட்டிக்கிட்டவங்க உலகத்துல நீங்க மட்டுமா இருப்பீங்க? மத்தவங்களுக்கும் உதவுற மாதிரி எழுதி அனுப்புங்க" என்றார். யாருக்கு எழுதுவது? எழுதினால் யார் படிப்பார்கள்? இந்தக் கேள்விகளோடு நாங்கள் தேடியதில்தான் லினக்ஸில் ஒலி வளர்ந்த வரலாறு தெரிய வந்தது. அது பெரும்பாலும் முறையீடுகளின் வரலாறு.

தொடக்க காலத்தில் ஓ.எஸ்.எஸ். என்னும் ஏற்பாடு இருந்தது. பெரும்பாலான கணிப்பொறிகளில் ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் ஒலி எழுப்ப முடியும். மேடையில் ஒரே மைக் இருந்து, பிடித்தவர் விடாவிட்டால் மற்றவர் வாய் மூடி நிற்பதைப்போல. பாட்டு ஓடும்போது கடிதம் வந்ததற்கான மணி அடிக்காது. 1998-இல் யாரோஸ்லாவ் கைசெலா என்பவர் தொடங்கிய ஆல்சா என்னும் புதிய ஏற்பாடு, 2003 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6-இல் ஓ.எஸ்.எஸ்.-இன் இடத்தைப் பிடித்தது. அடுத்து வந்தது பல்ஸ் ஆடியோ. லெனார்ட் பாட்டரிங் 2004-இல் தொடங்கியது. திருவிழா மேடையில் மைக்செட்காரர் ஒருவர் உட்கார்ந்து, எந்த மைக்கைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று பார்த்துக்கொள்வாரே, அந்த வேலையைக் கணிப்பொறிக்குள் செய்வது இது.

நல்ல யோசனைதான். ஆனால் 2007-இல் பெடோராவிலும் 2008-இல் உபுண்டுவிலும் இதைப் புகுத்தியபோது பலருடைய கணிப்பொறிகள் கரகரத்தன, சில ஊமையாகிவிட்டன. குற்றம் முழுவதும் பல்ஸ் ஆடியோவுடையதன்று. ஒலியட்டைகளை இயக்கும் பகுதிகளில் ஏற்கெனவே இருந்த பிழைகள் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தன. பாத்திரத்தில் நீர் ஊற்றினால்தானே ஓட்டை தெரியும்? ஆனாலும் வீட்டில் பாட்டுக் கேட்க உட்கார்ந்தவருக்கு இந்த நியாயமெல்லாம் எதற்கு? அவர் கோபப்பட்டதில் தவறில்லை என்பதே எங்கள் கருத்து.

இதற்கிடையில் இசைக் கலைஞர்கள் வேறொரு பாதையில் சென்றனர். அவர்களுடைய குறை தாமதம். இதைப் பௌதிகப் பாடத்தோடு சேர்த்துப் பார்க்கலாம். கணிப்பொறி ஒலியை ஒரு வினாடிக்கு 48,000 துணுக்குகளாக அளக்கிறது என்று கொள்வோம். ஒவ்வொரு துணுக்கையும் உடனுக்குடன் அனுப்பாமல், 1,024 துணுக்குகளை ஒரு கூடையில் நிரப்பி அனுப்புகிறது. கூடை நிரம்ப 1,024-ஐ 48,000-ஆல் வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 21 மில்லி வினாடி. காற்றில் ஒலி அந்த நேரத்தில் சுமார் 7 மீட்டர் செல்லும். அதாவது, உங்கள் குரலை நீங்களே ஹெட்போனில் கேட்டுக்கொண்டு பாடினால், வகுப்பறையின் கடைசி பெஞ்சிலிருந்து யாரோ உங்களைப் போலப் பாடுவதாகத் தோன்றும். போய்வரும் வழியில் இன்னும் சில கூடைகள் இருந்தால் தாமதம் மேலும் கூடும். கூடையை 64 துணுக்காகச் சுருக்கினால் ஒரு மில்லி வினாடிக்குச் சற்று அதிகம்தான்; ஆனால் கணிப்பொறி ஓயாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சற்றுப் பிந்தினாலும் 'டக்' என்று ஒலி அறுந்துபோகும். இவ்வாறு சிறு கூடைகளைக் கையாள்வதற்கென்றே பால் டேவிஸ் என்பவர் 'ஜாக்' என்னும் ஏற்பாட்டை உருவாக்கினார்.

ஆக, வீட்டாருக்கு ஒன்று, இசைக்கலைஞருக்கு ஒன்று! இரண்டும் வேண்டுவோர் படாத பாடு பட்டனர். ஒன்றை நிறுத்தி மற்றொன்றை எழுப்ப வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக ஒன்று வேண்டும் என்பது பல ஆண்டு வேண்டுகோள். அதற்கு விடையாக அமைந்ததுதான் பைப்வயர். இதை எழுதிய விம் டேமன்ஸ் முதலில் ஒலியை நினைத்தே தொடங்கவில்லை. படத்தைப் பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் வழியைத்தான் தேடினார். பின்னர் ஒலியும் அதில் சேர்ந்தது. இதில் எங்களுக்கு மிகவும் பிடித்தது, பழைய மென்பொருள்களை அது மாறச் சொல்லவில்லை என்பதே. பல்ஸ் ஆடியோவின் மொழியில் பேசுவோரிடம் அம்மொழியிலும், ஜாக்கின் மொழியில் பேசுவோரிடம் அம்மொழியிலும் அதுவே பேசிவிடுகிறது. 2021 ஏப்ரலில் பெடோரா 34-உம், 2022 அக்டோபரில் உபுண்டு 22.10-உம் இதையே ஒலிக்கு முதன்மையாகக் கொண்டன. 2023 நவம்பரில் இதன் 1.0 பதிப்பு வந்தது.

படத்தைப் பொறுத்தவரை ஒரு செய்தி மட்டும் சொல்கிறோம். பழைய திரை ஏற்பாட்டில் எந்த மென்பொருளும் திரை முழுவதையும் பார்த்துவிட முடியும்; இரகசியச் சொல்லைத் தட்டச்சு செய்வதைக்கூட ஒட்டுப் பார்க்கலாம். வேலண்டு என்னும் புதிய ஏற்பாடு அந்தக் கதவைச் சாத்தியது. பாதுகாப்பு வந்தது, ஆனால் திரையைப் பதிவு செய்யும் மென்பொருள்களும், இணைய வகுப்பில் திரையைக் காட்டும் வசதியும் முடங்கின. நாங்கள் ஐந்தாம் வகுப்பைக் கைபேசியில் படித்த 2020-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்தில் இது எவ்வளவு பெரிய தொல்லை என்று ஊகிக்கலாம். இப்போது மென்பொருள் அனுமதி கேட்கிறது; நாம் 'சரி' என்றபின், பைப்வயர் வழியாகப் படம் அதற்குப் போகிறது. கதவைத் தட்டி, விடை பெற்று உள்ளே வருவதுபோல.

இவ்வளவையும் படித்தபோது ஒரு சம்பவம் எங்களை நெடுநேரம் யோசிக்க வைத்தது. 2017 மார்ச்சில் வெளிவந்த பயர்பாக்ஸ் 52, லினக்ஸில் பல்ஸ் ஆடியோ இருந்தால்தான் ஒலி எழுப்பும் என்று மாற்றப்பட்டது. ஆல்சாவை மட்டும் வைத்திருந்தோர் திடீரென்று ஊமைப்படம் பார்த்தனர். அத்தகையோர் மிகச் சிலரே என்று உருவாக்கியோர் எண்ணியிருந்தனர். பயன்பாட்டு விவரங்களைத் தானாக அனுப்பும் வசதியை அணைத்து வைத்திருந்தவர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள் அல்லவா? அவர்கள் வாய் திறந்தது ஒலி போன பிறகுதான்.

அப்படியானால் எல்லாரையும் மென்பொருளே இரகசியமாக எண்ணிக்கொள்ளட்டும் என்று விடலாமா? அதையும் நாம் விரும்புவதில்லை. 2021 மே மாதம் ஆடாசிட்டி என்னும் ஒலிப்பதிவு மென்பொருளில் அத்தகைய கணக்கெடுப்பைச் சேர்க்க முன்வந்தபோது பயனர்கள் கடுமையாக எதிர்த்தனர். அந்த யோசனை கைவிடப்பட்டது. அதே ஆடாசிட்டியில், ஒலிக்கு ஒருமுறை மெருகு ஏற்றிவிட்டால் பின்னர் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்பது பல காலமாக இருந்த குறை. 2022 செப்டம்பரில் வந்த 3.2 பதிப்பில் அது தீர்ந்தது. நம்மை யாரும் வேவு பார்க்கக்கூடாது என்றால், நம் குறையை நாமே எழுதித்தானே ஆகவேண்டும்?

எழுதினோம். முதல் கடிதம் இப்படி இருந்தது: "உங்கள் மென்பொருள் சரியில்லை. நாற்பது நிமிடம் வீணாயிற்று. உடனே சரி செய்யவும்." ஆசிரியை சிவப்பு மையால் குறுக்கே கோடு கிழித்தார். "டாக்டர்கிட்ட போய் 'உடம்பு சரியில்ல'ன்னு மட்டும் சொன்னா மருந்து குடுப்பாரா?" என்று கேட்டார். மேலும், இதை எழுதுபவர்களில் பலர் சம்பளமின்றி, தம் ஓய்வு நேரத்தில் செய்பவர்கள் என்பதையும் நினைவூட்டினார். எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டாவது கடிதத்துக்கு ஒரு வாரம் ஆயிற்று. எந்தக் கணிப்பொறி, எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு என்று முதலில் எழுதினோம். பிறகு என்ன செய்தோம், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தோம், உண்மையில் என்ன நடந்தது என்பதை வரிசையாக எழுதினோம். கோபச் சொற்களை எடுத்ததும் கடிதம் பாதியாகக் குறைந்துவிட்டது! அதன்பின் இரண்டு யோசனைகள் சொன்னோம். 'மானிட்டர்' என்பதற்குப் பதிலாக 'ஒலிபெருக்கியில் கேட்பதைப் பதிவு செய்' என்று எழுதினால் சிறுமிக்கும் புரியும். பதிவு தொடங்கி அரை நிமிடம் ஆகியும் கோடு அசையவில்லை என்றால், 'எனக்கு ஒன்றும் கேட்கவில்லை' என்று திரையில் ஒரு வரி காட்டலாம். எங்களில் ஒருத்தி மணி அடிக்க வேண்டும் என்றாள். பதிவின் நடுவே மணி அடித்தால் அதுவும் பதிவாகிவிடும் என்று மற்றவர்கள் மறுத்துவிட்டோம். ஆங்கில ஆசிரியை இலக்கணம் திருத்தித் தந்தார். தமிழில் அந்தப் பெயர் எப்படி இருக்கலாம் என்பதையும் கடைசியில் சேர்த்தோம். மொழிபெயர்ப்பைப் பயனர்களே செய்து தருவதுதான் அங்கு வழக்கமாம்.

பாட்டு சிஸ்டரிடம் உண்மையைச் சொல்லத்தான் அதிகத் தைரியம் தேவைப்பட்டது. அவர் சிரித்துவிட்டு, "அதுக்கென்னம்மா, இன்னொரு நாள் வர்றேன்" என்றார். வந்தார். இம்முறை இரண்டு பேர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பச்சைக் கோடு அசைந்துகொண்டே இருந்தது. இருபத்தாறு நிமிடம் பேசினார். கிறிஸ்துமஸ் இரவைப் பற்றிச் சொன்னார். எலி கடித்த ஆர்மோனியம் வரவில்லை, பாடவும் இல்லை. இருமல் இருந்ததால் கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை. விழாவில் அந்தப் பதிவைத்தான் நீங்கள் கேட்டீர்கள்.

எங்கள் கடிதத்துக்குப் பதினொரு நாள் கழித்துப் பதில் வந்தது. யோசனைக்கு நன்றி சொல்லி, பைப்வயரின் சரியான பதிப்பு எண் என்ன, மைக் எந்த வாயிலில் செருகப்பட்டிருந்தது என்று இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார்கள். பதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டோம். மைக் முன்புறத்திலா பின்புறத்திலா என்பதில் எங்களுக்குள் இன்னும் தகராறு. சனிக்கிழமை ஆய்வகம் திறந்ததும் இரண்டு இடத்திலும் செருகிப் பார்த்து எழுதப் போகிறோம்.