இஷாவுக்குப் பின்னால்

என் ராத்தா மகன் சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். பெருநாள் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தான். ஐந்து நாளில் நான்கு நாள் ஸுபுஹுத் தொழுகைக்கு அவனைப் பள்ளியில் காணவில்லை. விசாரித்தேன்.

"தூங்கிப் போய்விட்டேன் மாமா. தூங்குகிறவர் விழிக்கும் வரை அவர்மீது எதுவும் எழுதப்படாது என்று நீங்கள்தானே பயானில் சொன்னீர்கள்?" என்றான்.

மாமாவின் பாடத்தை மாமாவுக்கே ஒப்பித்துவிட்டான்! விடுதிகளில் தங்கிப் படிக்கும் பல பிள்ளைகளின் உள்ளத்திலும் இந்தச் சமாதானம் இருப்பதால், அவனுக்குச் சொன்ன பதிலை இங்கே எழுதுகிறேன்.

ஹிஜ்ரி 7இல் கைபரிலிருந்து திரும்பும் வழியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் தோழர்களும் பின்னிரவில் ஓரிடத்தில் இறங்கி உறங்கினார்கள். வெயில் பட்ட பிறகே விழித்தார்கள். முஸ்லிம் ஷரீபில் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இந்நிகழ்ச்சியைச் சொல்லி ஆறுதல் தேடுவோர், அதன் முற்பகுதியை விட்டுவிடுகிறார்கள். உறங்குமுன் நாயகம் (ஸல்) அவர்கள், விடியலைக் கவனிக்கும் பொறுப்பைப் பிலால் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். பிலால் (ரலி) தம்மால் இயன்ற மட்டும் தொழுதுகொண்டிருந்து, விடியல் நெருங்கும் வேளையில் கிழக்கு நோக்கி ஒட்டகத்தில் சாய்ந்தபோதுதான் உறக்கம் மிகைத்தது. அந்த உறக்கத்துக்கு முன்னால் ஓர் ஏற்பாடு இருந்தது. மருமகனின் உறக்கத்துக்கு முன்னால் என்ன இருந்தது?

இரவு 11 மணிக்குப் படுக்கையில் சாய்ந்து செல்போனை எடுத்ததாகவும், கீழே வைத்தபோது 2.15 என்றும் அவனே சொன்னான். என்ன பார்த்தாய் என்று கேட்டேன். யோசித்தான். கிரிக்கெட் ஆட்டத்தில் ஒரு துண்டு, யாரோ பிரியாணி சமைத்தது, ஓர் ஆலிமின் பயானில் அரை நிமிடம். அதற்கு மேல் நினைவில்லை. மூன்றே கால் மணி நேரம்!

பிள்ளைகளை மட்டும் குறை சொல்வது நீதமன்று. 2020இல் கொரோனாவால் கல்லூரிகள் மூடப்பட்டபோது பாடமே போனில்தான் நடந்தது. நாம்தான் வாங்கிக் கொடுத்தோம். அந்தக் கருவிக்குள் இருக்கும் தந்திரமும் சாதாரணமானதன்று. முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த பக்கத்துக்கு ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். 2006இல் ஏஸா ராஸ்கின் என்ற அமெரிக்கர், விரலால் தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் முறையை அமைத்தார். பிற்காலத்தில் அதற்காக அவரே வருந்தினார். நூலுக்கு அத்தியாய முடிவு உண்டு. தொழுகைக்கு ஸலாம் உண்டு. இதற்கு ஸலாமே கிடையாது. எழுந்துபோக எண்ணும் ஓர் இடமாவது வேண்டாமா?

இஷாவுக்கு முன் உறங்குவதையும், அதற்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்று அபூபர்ஸா (ரலி) அறிவிப்பது புகாரியில் உள்ளது. ஸுபுஹு தவறிவிடும் என்பது அதற்கு உலமாக்கள் கூறும் காரணங்களில் ஒன்று. கல்வி, விருந்தாளி, மனைவி மக்கள், சமுதாயக் காரியம் ஆகியவற்றுக்காகப் பேசுவதை இதிலிருந்து நீக்கியிருக்கிறார்கள். துபாயில் இருக்கும் வாப்பா வேலை முடிந்து 9.30க்கு அழைத்தால் இங்கே 11 ஆகிவிடும். அந்தப் பேச்சை நான் குறை கூறமாட்டேன். பரீட்சைக்குப் படிப்பதும் அவ்வாறே. ஆனால் ஸுபுஹைத் தவறவிடும் அளவுக்கு எதுவும் நீளக்கூடாது.

இனி மஸ்அலாவுக்கு வருவோம். ஷாஃபிஈ மத்ஹபில், வக்து வந்த பின், அது முடியுமுன் விழிக்கமாட்டோம் என்ற எண்ணம் மிகைத்திருக்கத் தொழாமல் உறங்குவது ஹராம். வக்து வருமுன் உறங்குவதற்கு அச்சட்டம் இல்லை. "2.15க்கு வக்து வரவில்லையே மாமா" என்று அதையும் பிடித்துக்கொண்டான். அலாரம் வைத்தாயா என்றேன். வைத்தானாம். 5.15க்கு அடித்ததாம். எங்கே அடித்தது? அதே போனில்தான், தலையணைக்கு அடியில். அலாரத்தை நிறுத்திய விரல் வாட்ஸ்அப்பையும் திறந்திருக்கிறது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு மறுபடி கண்ணயர்ந்தானாம்.

"அப்போது பாங்கு சொல்லியாகிவிட்டது. நீ விழித்திருந்தாய்" என்றேன். அதன் பிறகு அவன் சிரிக்கவில்லை.

அத்தகைய தொழுகையைத் தாமதமின்றிக் களாச் செய்வது ஷாஃபிஈ மத்ஹபில் கடமை. ஹனஃபிகள் சூரியன் உதிக்கும் நேரத்தில் தொழாமல், அது நன்கு உயர்ந்த பின் தொழ வேண்டும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். பயான் கேட்கிறோம் என்ற பெயரில் நானும் நள்ளிரவு வரை போனைப் பிடித்திருந்து தஹஜ்ஜுதை இழந்த நாட்கள் உண்டு. அன்று முதல் என் வீட்டிலும் ராத்தா வீட்டிலும் இஷாவுக்குப் பின் போன்கள் கூடத்து அலமாரியில் கிடக்கின்றன. வாப்பாவின் அழைப்பு வந்தால் அங்கேயே நின்று பேச வேண்டும்.

மருமகன் கடைத்தெருவில் ஓர் அலாரம் கடிகாரம் வாங்கி விடுதிக்குக் கொண்டு போனான். அறையில் இருக்கும் மூவரில் இருவர் அதன் சத்தத்துக்காகத் திட்டுகிறார்களாம். ஒருவன் எழுந்து கூட வருகிறானாம். சென்ற வாரம் இரண்டு நாள் தவறியதையும் மறைக்காமல் சொன்னான்.