ஊர்ப் பொதுப்பணிக்கு எந்த நிதியைக் கேட்பது?

தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் விளையாட்டுத் திடல், நடைபாதையுடன் பூங்கா, படிப்பகம், முதியோர் வந்து அமர ஒரு கூடம் என எது தேவைப்பட்டாலும், அரசு வழியில் பணம் பெற முக்கியமாக நான்கு வழிகள் உண்டு. அவை கிராம ஊராட்சியின் கையிலுள்ள நிதி, நமக்கு நாமே திட்டம், சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி. எதில் தொகை பெரிது என்று பார்த்து மனுக் கொடுப்பதே பெரும்பாலும் நடக்கிறது. நிலம் யார் பெயரில் இருக்கிறது, முடிவெடுப்பவர் யார், கட்டி முடித்தபின் பராமரிக்கப் போவது யார் என்ற மூன்றையும் முதலில் பார்த்துவிட்டால் தேர்வு எளிதாகும்.

நிலத்தில் சிக்கல் இருந்தால் நான்கு வழியும் அடைபடும். இடம் ஊராட்சிக்கோ அரசுத் துறைக்கோ உரியதாக இருக்க வேண்டும். ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்கில் கட்டடம் கூடாது. கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைச் சரிபார்த்த பிறகே அடுத்த அடி.

மிக அருகிலிருப்பது ஊராட்சி நிதி. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் போன்ற சொந்த வருவாயும் நிதிக்குழு மானியமும் இதில் சேரும். ஆனால் மானியம் முழுவதையும் ஊராட்சி விரும்பியபடி செலவிட முடியாது. 2021-26 காலத்துக்கு 15ஆவது நிதிக்குழு பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டப்பட்டிருந்தது. மீதி 40 விழுக்காட்டில்தான் உள்ளூர்த் தேவைக்கு இடம். எனவே பொதுக் கழிப்பறை, மழைநீர்ச் சேகரிப்பு, குடிநீர்த் தொட்டி போன்றவற்றுக்கு இந்த வழி பொருந்தும். பெரிய கூடத்துக்குப் பொருந்தாது. ஊராட்சி நிதியைச் செலவிடக் கிராம சபைத் தீர்மானம் வேண்டும். குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்தநாள், நவம்பர் 1 உள்ளாட்சி நாள் என ஆண்டுக்கு ஆறு முறை சபை கூடுகிறது. ஊர் வாக்காளர் எவரும் அங்கே எழுந்து கேட்கலாம். வேறு நிதியை நாடும் ஊரும் இந்தத் தீர்மானத்தைக் கையில் வைத்திருப்பது நல்லது. அது ஒருவரின் விருப்பத்தை ஊரின் கோரிக்கையாக்குகிறது.

1997-98இல் தொடங்கிய நமக்கு நாமே திட்டம், இடையில் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்து, 2021-22இல் பழைய பெயருக்குத் திரும்பியது. பணியின் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும். மீதியை அரசு தரும். 15 லட்ச ரூபாய்ப் படிப்பகத்துக்கு ஊர் 5 லட்சம் திரட்ட வேண்டும். தனி ஆளும் தரலாம், வெளியூரில் வேலை பார்ப்போர் சேர்ந்தும் தரலாம், நிறுவனமும் தரலாம். மக்கள் பங்கு பாதியை எட்டினால், பங்களித்தவர்களே பணியைச் செய்யவும் வழியுண்டு. ஒப்பந்ததாரரின் வேலைத் தரத்தில் ஏற்கெனவே அடிபட்ட ஊருக்கு இது பெரிய வசதி. நான்கில் மக்களுக்கு அதிகப் பிடிமானம் தருவது இதுவே. ஆனால் ஒரு நியாயக்குறை உண்டு: பணம் திரட்ட முடிந்த ஊருக்கே திட்டம் எளிதில் கிடைக்கும். கூலி வேலையை நம்பியிருக்கும் குடியிருப்பு ஒன்றைப் பங்குத்தொகைக்காக நெருக்குவது தவறு. அதற்கு அடுத்த இரண்டு வழிகளே முறை.

சட்டமன்ற உறுப்பினர் நிதி தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், நாடாளுமன்ற உறுப்பினர் நிதி 5 கோடி. பின்னது பெரிதாகத் தோன்றும். ஆனால் தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதி ஆறு சட்டமன்றத் தொகுதிகளைக் கொண்டது. 5 கோடியைப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 83 லட்சம்தான். சிறிய ஊரின் சிறிய பணிக்குச் சட்டமன்ற உறுப்பினரை அணுகுவதே பலன் தரும். பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கு 15 விழுக்காடும் பழங்குடியினர் பகுதிகளுக்கு 7.5 விழுக்காடும் ஒதுக்கும் நெறி நாடாளுமன்ற உறுப்பினர் நிதியில் உள்ளதால், அத்தகைய குடியிருப்புகள் அதைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம். மாநிலங்களவை உறுப்பினர் தம்மைத் தேர்ந்தெடுத்த மாநிலத்தின் எந்தப் பகுதிக்கும் பரிந்துரைக்கலாம் என்பது பலர் பயன்படுத்தாத வாய்ப்பு. இரண்டு நிதியிலும் உறுப்பினர் பரிந்துரைக்க மட்டுமே செய்கிறார். நிர்வாக அனுமதி மாவட்ட நிர்வாகத்திடமிருந்து வர வேண்டும். வழிபாட்டுத் தலங்களுக்கு இரண்டிலும் இடமில்லை.

இந்த நான்கில் ஊராட்சியின் சொந்த வருவாய் தவிர மற்றவை பெரும்பாலும் கட்டுவதற்கான பணம். கூட்டிப் பெருக்குபவரின் சம்பளம், மின்கட்டணம், உடைந்த ஊஞ்சலைச் சரிசெய்யும் செலவு ஆகியவற்றுக்கு ஊராட்சிதான் பொறுப்பேற்க வேண்டும். பல ஊர்களில் பூட்டிக் கிடக்கும் உடற்பயிற்சிக் கூடங்களுக்கும் புதர் மண்டிய பூங்காக்களுக்கும் காரணம் இந்தச் செலவுக்குப் பணம் இல்லாததே. ஆகவே மதிப்பீட்டை வட்டார வளர்ச்சி அலுவலகப் பொறியாளரிடம் கேட்கும்போதே ஆண்டுப் பராமரிப்புக்கு எவ்வளவு ஆகும் என்றும் கேட்டு, அந்தத் தொகையை ஊராட்சி ஏற்பதாகத் தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டும். ஏற்க முடியாத ஊராட்சி செலவு குறைந்த பணியைத் தேர்வதே சரி: கூடத்துக்குப் பதில் நிழல் மரமும் இருக்கைகளும், புதிய படிப்பகக் கட்டடத்துக்குப் பதில் பொது நூலகத் துறையின் கிளை நூலகத்துக்கு ஓர் இடம். கிளை நூலகமென்றால் நூல்களும் பணியாளரும் துறையின் பொறுப்பு. உள்ளாட்சிகள் சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிப்பது அதற்காகத்தான்.