பனிப்புயலும் மாட்டுப்பட்டியும்

2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மாண்டஸ் சூறாவளி வங்காள விரிகுடாவில் நமது கரையோரமாகக் கடந்து சென்றதைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். சூறாவளி நம் மண்ணைத் தாக்கவில்லை. அது தமிழ்நாட்டின் கரையை நோக்கிப் போய்விட்டது. ஆயினும் அந்த ஓரிரு நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் நின்ற இடத்திலும் படுத்த இடத்திலும் செத்துக் கிடந்தன. ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "சுவாமி, மாரி மழை எங்களுக்குப் புதுசே? எத்தினை மாரி கண்ட மாடுகள். ஒரு ராத்திரிக் குளிருக்கு எப்பிடிச் செத்தது?"

அவருடைய கேள்விக்கு விடை தேடியபோதுதான், பனிமழையையே அன்றாடம் எதிர்கொள்ளும் ஒரு நாட்டுக் கமக்காரரின் அனுபவம் எனக்கு உதவியது. வட அமெரிக்காவின் றொக்கி மலைகளும் அவற்றின் கிழக்கே விரியும் உயர்சமவெளியுமே அந்த இடம். பனியை நாம் படத்தில் மட்டும் கண்டவர்கள். ஆனாலும் அந்த மக்கள் பட்டுத் தெளிந்தவற்றில் நமக்கு நேரே பொருந்துவன சில உண்டு. ஆகவே இம்முறை பாடத்தை அங்கிருந்து தொடங்குவோம்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். வயோமிங், கொலராடோ, நெப்ராஸ்கா, டக்கோட்டா என்னும் மாநிலங்களில் மலை முடிந்ததும் நிலம் உடனே தாழ்ந்துவிடுவதில்லை. ஒரு பெரிய பலகையைச் சாய்த்து வைத்தாற்போல், கிழக்கே போகப்போகச் சிறிது சிறிதாகத் தாழ்கின்றது. வயோமிங்கின் தலைநகரான சையென் ஏறக்குறைய 1,850 மீற்றர் உயரத்தில் உள்ளது. நமது நுவரெலியாவும் கிட்டத்தட்ட இதே உயரம்தான். நுவரெலியாவில் தை, மாசியில் சில விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி படிந்து உருளைக்கிழங்குச் செடியைக் கருக்கிவிடும், அவ்வளவுதான். சையெனிலோ வீட்டுக் கதவை மூடுமளவுக்குப் பனி குவியும். உயரம் ஒன்றாயிருந்தும் ஏன் இந்த வேறுபாடு? நாம் பூமத்திய ரேகைக்கு அருகில், கடல் சூழ வாழ்கிறோம். கடல் குளிரையும் வெப்பத்தையும் மட்டுப்படுத்தும். அவர்களோ வெகு வடக்கே, கடலுக்கு எட்டாத நிலத்தின் நடுவில் இருக்கிறார்கள். அதோடு வடதுருவப் பக்கமிருந்து வரும் குளிர்காற்றை மறிக்கக் குறுக்கே ஒரு மலையும் இல்லை. அவர்களின் மலை வடக்குத் தெற்காக ஓடுகின்றது. ஆகவே கனடாவிலிருந்து இறங்கும் குளிர்காற்றுக்கு அது தடையாக நிற்காமல் வாய்க்கால் வரம்பு போல வழிகாட்டுகின்றது.

பனி பொழிவதற்கும் அந்தச் சாய்வு நிலமே காரணம். ஒரு தாழமுக்கம் கொலராடோவின் தெற்குப் பக்கமாகக் கடக்கும்போது காற்று கிழக்கிலிருந்து மேற்கே, அதாவது மேட்டை நோக்கி வீசும். ஏறும் காற்று குளிரும். குளிர்ந்த காற்று தன்னிடமுள்ள ஈரத்தைப் பனியாகக் கொட்டும். இதற்கு நேர்மாறாக, மலையைத் தாண்டி மேற்கிலிருந்து இறங்கும் காற்று ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் ஏறக்குறைய ஒரு பாகை செல்சியஸ் வீதம் சூடேறும். அதற்குச் சினூக் என்று பெயர். 1943 ஜனவரி 22ஆம் நாள் காலையில் தெற்கு டக்கோட்டாவின் ஸ்பியர்ஃபிஷ் என்ற ஊரில் வெப்பநிலை இரண்டே நிமிடத்தில் மறை 20 பாகையிலிருந்து 7 பாகைக்கு ஏறியது. பின்னர் 12 பாகை வரை போய், அரைமணி நேரத்துக்குள் மீண்டும் மறை 20க்கு விழுந்தது. யன்னல் கண்ணாடிகள் வெடித்தனவாம். அப்படிப்பட்ட ஊரில் வானத்தைப் பார்த்து நாளையைச் சொல்வது எவருக்கும் எளிதன்று.

இனி 1888ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாளுக்கு வருவோம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் அன்று மாண்டவர்களில் பலர் நம்மைப் போல ஊர்விட்டு ஊர் வந்தவர்கள்.

அக்காலத்தில் அந்தச் சமவெளியில் புதிதாகக் குடியேறியவர்கள் நோர்வே, ஜேர்மனி, ருசியா முதலிய நாடுகளிலிருந்து வந்த ஏழைக் கமக்காரர்கள். சிலர் தங்கள் சமய நம்பிக்கையின்படி படைச்சேவை செய்ய மறுத்ததால் முந்திய நாட்டில் இருக்க முடியாமல் வந்தவர்கள். குளிர் அவர்களுக்குப் புதிதல்ல. அந்த நிலத்தின் குளிரே புதிது. முன்னைய நாட்கள் கடுங்குளிராக இருந்தன. 12ஆம் நாள் காலையோ இளஞ்சூடாக விடிந்தது. மக்கள் மகிழ்ந்தார்கள். மாடுகளைத் திறந்து மேயவிட்டார்கள். பிள்ளைகள் தடித்த மேலங்கி இல்லாமலே பள்ளிக்கூடம் போனார்கள். அந்த இளஞ்சூடே புயலின் முன்னோடி என்பது அவர்களுக்குத் தெரியாது. பெரிய தாழமுக்கம் வருமுன் தெற்கிலிருந்து சூடான காற்றை இழுக்கும். அது கடந்ததும் பின்னால் துருவக் குளிர்காற்று பாய்ந்து வரும். ஆனால் சினூக் வீசினாலும் இதே போல இளஞ்சூடாகத்தான் இருக்கும். ஒரே அறிகுறிக்கு இரண்டு பொருள். பழகியவனும் ஏமாறக்கூடிய இடம் அது.

புயல் வந்தபோது பல இடங்களில் பிள்ளைகள் பள்ளியில் இருந்தார்கள், அல்லது வீடு திரும்பும் வழியில் இருந்தார்கள். பனி மாவைப் போலப் பொடியாக இருந்ததால் நீட்டிய கை தெரியவில்லை. வீட்டு வாசலுக்குச் சில அடி தூரத்தில் விறைத்துக் கிடந்தவர்களும் உண்டு. இறந்தோர் ஏறக்குறைய 235 பேர் என்று கணக்கிடப்படுகின்றது. அவர்களில் பலர் பிள்ளைகள். ருசியாவின் வொலினியாப் பகுதியிலிருந்து 1874இல் குடிபெயர்ந்த மெனனைற் சபையாரின் கிராமம் ஒன்றில் மட்டும் ஐந்து சிறுவர்கள் பள்ளியிலிருந்து வெளியேறி வழிதவறி மாண்டார்கள். நெப்ராஸ்காவில் மின்னி ஃபிறீமன் என்ற இளம் ஆசிரியை, மண்ணால் கட்டிய பள்ளியின் கூரை காற்றில் போனதும் தன் மாணவர் அனைவரையும் அருகிலுள்ள வீட்டுக்குப் பத்திரமாகக் கொண்டு சேர்த்தார். அவருடைய பெயர் நாடெங்கும் பரவியது. நல்ல மனமுள்ள வேறு ஆசிரியர்களும் பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். எல்லாருக்கும் வழி கிடைக்கவில்லை.

எச்சரிக்கை இல்லையா? இருந்தது. அமெரிக்க அரசின் வானிலைச் சேவை 1870இலேயே இராணுவத்தின் கீழ்த் தொடங்கப்பட்டுவிட்டது. சென்ற் போல் நகரிலிருந்த அதிகாரி குளிர் அலை வருமென்று முன்னறிவித்துமிருந்தார். செய்தி தந்தியில் போனது. தந்தி இரயில் நிலையம் வரைதான் போகும். அங்கே நடுவில் கறுப்புச் சதுரமிட்ட வெள்ளைக்கொடியை ஏற்றுவார்கள். பட்டினத்தில் இருப்பவன் கொடியைக் காண்பான். பல மைல் தொலைவில் புல்வெளியில் மாடு மேய்ப்பவன் எப்படிக் காண்பான்? பல இடங்களில் கொடியைவிடப் புயலே முந்திக்கொண்டது. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கிய இரவை அனுபவித்த மூத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்று அந்த நாட்டில் 122 உள்ளூர் வானிலை அலுவலகங்கள் உள்ளன. அவை வெளியிடும் அறிவிப்புகளில் ஒன்றுக்கு ‘ஆபத்தான வானிலை பற்றிய முன்னோக்கு’ என்று நாம் பெயர் சொல்லலாம். அதில் முதற்பகுதி இன்றும் இன்றிரவும் என்ன நேரலாம் என்று சொல்லும். அடுத்த பகுதி இரண்டாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை என்ன வரக்கூடும் என்று சொல்லும். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாம் பகுதிதான். ஏழு நாளுக்கு முன் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ‘வெள்ளிக்கிழமையளவில் மலைப்பக்கம் கடும்பனி பெய்யக்கூடும்’ என்ற அளவு செய்தி, மலை மேய்ச்சலில் மாடு விட்டவனுக்குப் போதும். அவன் மாட்டைக் கீழே இறக்க இரண்டு நாள் வேண்டும்.

புயல் நெருங்க நெருங்கச் சொற்கள் மாறும். விழிப்பு அறிவிப்பு என்றால் ஆபத்து வர நூற்றுக்கு ஐம்பது அல்லது அதற்கு மேல் வாய்ப்பு உண்டு, ஆயத்தமாகு என்று பொருள். எச்சரிக்கை என்றால் எண்பது வீதத்துக்கு மேல், அல்லது வந்தேவிட்டது. இனி ஆயத்தத்துக்கு நேரமில்லை, உள்ளே இரு. இவற்றோடு, உயிராபத்து வரை போகாவிட்டாலும் தொல்லை தரக்கூடிய பனிக்கு ஓர் அறிவுரை அறிவிப்பும் உண்டு. பனிப்புயல் என்ற சொல்லுக்கும் அளவு வைத்திருக்கிறார்கள்: மணிக்கு 56 கிலோமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட காற்று, 400 மீற்றருக்கு அப்பால் கண் தெரியாத நிலை, இவை மூன்று மணி நேரமாவது நீடிக்க வேண்டும். புதுப்பனி பொழிய வேண்டுமென்பதுகூட இல்லை. கிடந்த பனியைக் காற்று கிளப்பினாலும் அது பனிப்புயலே. வயோமிங்கில் நெடுஞ்சாலைகளுக்குப் படலை போட்டிருக்கிறார்கள். அறிவிப்பு வந்தால் பூட்டிவிடுவார்கள், லொறிக்காரர் எவ்வளவு திட்டினாலும் சரி.

நம் பக்கத்தில் வானொலி அறிவிப்பைக் கேட்டுவிட்டு, "போன முறையும் இப்பிடித்தான் சொன்னவை, ஒண்டும் வரேல்லை" என்று சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். நூற்றுக்கு ஐம்பது என்று சொன்னால் இரண்டு முறைக்கு ஒரு முறை வராமல் போவதுதான் கணக்கு. அதைப் பொய் என்று எடுத்துக்கொள்வது தவறு.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். மாடு குளிரைத் தாங்குவது தன் மயிராலும் வயிற்றாலும். அடர்ந்த, உலர்ந்த குளிர்கால மயிருள்ள மாட்டுக்கு ஏறக்குறைய மறை 8 பாகை செல்சியஸ் வரை கூடுதல் தீனி தேவையில்லை என்று அந்நாட்டார் கணித்திருக்கிறார்கள். அதே மாட்டின் மயிர் நனைந்துவிட்டால்? எல்லை 15 பாகைக்கு ஏறிவிடுகின்றது! மயிருக்கிடையில் நிற்கும் காற்றுத்தான் போர்வை. நனைந்த மயிர் உடலோடு ஒட்டிக்கொள்ளும். காற்றும் வீசினால் உடற்சூடு ஓடிப்போகும்.

2013 ஒக்டோபர் தொடக்கத்தில் தெற்கு டக்கோட்டாவின் மேற்கே நேர்ந்ததும் இதுதான். மாடுகள் இன்னும் கோடை மேய்ச்சலில் நின்றன. குளிர்கால மயிர் வளரவில்லை. முதலில் பல மணி நேரம் குளிர்மழை பெய்து தோல்வரை நனைத்தது. அதன்மேல் கடுங்காற்றோடு பனி கொட்டியது. பல்லாயிரம் மாடுகள் செத்தன. நடுக்குளிர்காலத்தில் இதைவிடக் கொடிய பனியைத் தாங்கிய அதே இனங்கள்தான். எனவே பெரியவருக்கு விடை இது: மாரி மழை மட்டுமல்ல, நீண்ட நனைவும் காற்றும் வழமைக்கு மாறான குளிரும் ஒரே இரவில் சேர்ந்தன. வெயிலுக்கே பழகிய நம் நாட்டு மாட்டின் குட்டை மயிரும், மெலிந்த உடம்பும் அதைத் தாங்கவில்லை.

மெலிவைப் பற்றியும் ஒரு வரலாறு உண்டு. 1886இன் கோடையில் அச்சமவெளி வறண்டது. அளவுக்கு மிஞ்சி மாடு மேய்த்ததால் புல்லும் இல்லை. மாடுகள் எலும்பும் தோலுமாகவே குளிர்காலத்துக்குள் போயின. ஜனவரியில் சிறிது பனி உருகி மீண்டும் உறைந்ததால் புல்லின்மேல் கண்ணாடிபோல் மூடிக்கொண்டது. மாத முடிவில் பெரும்புயல். மாடு காற்றுக்கு முதுகு காட்டி நடக்கும் பிராணி. அப்படி நடந்து நடந்து முட்கம்பி வேலியில் முட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து செத்தன. சில பட்டிகளில் பாதிக்கு மேல் அழிந்தது. சாள்ஸ் றசல் என்ற மாடு மேய்ப்பவர், மாடுகள் எப்படி என்று கேட்ட முதலாளிக்குப் பனியில் நிற்கும் ஓர் எலும்பு மாட்டை வரைந்து அனுப்பினார். அந்தப் படம் பின்பு புகழ் பெற்றது. அந்த ஆண்டுக்குப் பிறகுதான் பெரும் பண்ணையாளர் வைக்கோல் சேமிக்கத் தொடங்கினர். அதுவும் போதாத காலம் வந்தது. 1949இன் பனியில் விமானத்திலிருந்து வைக்கோல் கட்டுகளைப் போட்டார்கள். நமக்கு விமானம் வராது.

ஆகவே மாரிக்கு முன் செய்யவேண்டியவை. காற்றுத் தடுப்பு முதலாவது. அந்நாட்டார் ஆராய்ந்து கண்டது என்னவென்றால், இறுக்கமான மதிலைவிட ஏறக்குறையக் கால் பங்கு இடைவெளி விட்ட வேலியே சிறந்தது. மதிலில் மோதிய காற்று மேலெழுந்து மறுபக்கம் சுழன்று விழும். இடைவெளியுள்ள வேலி காற்றை வடித்து மெதுவாக்கும். அதன் பயன் வேலியின் உயரத்தைப்போல் எட்டுப் பத்து மடங்கு தூரம் வரை கிடைக்கும். ஆறடி உயரத்துக்குப் பனையோலையோ கிடுகோ இடைவெளி விட்டுக் கட்டினால் ஐம்பது அடிக்கு மாடு ஒதுங்கலாம். மாரிக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் பட்டியின் வடக்கும் கிழக்கும் மறைக்க வேண்டும். தற்காலிகக் காணியில் இருப்போர் கொட்டில் போட அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கலாம். வேலிக்கு அவ்வளவு சிக்கல் வராது.

பட்டியை மேட்டில் வையுங்கள். மாடு தண்ணீரில் நின்றால் வேலி கட்டியும் பயனில்லை. படுக்க வைக்கோலைத் தடிப்பாகப் போடுங்கள். அறிவிப்பு வந்த அன்று மாலையே வைக்கோலை நிறையக் கொடுங்கள். நார்த்தீனி வயிற்றில் சமிக்கும்போது சூடு பிறக்கும். தவிட்டைவிட வைக்கோலே இதற்கு நல்லது. எல்லைக்குக் கீழே குளிர் இறங்கும் ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்கு இரண்டு வீதம் கூடுதல் தீனி தேவை என்பது அவர்களின் கணக்கு. நம்மிடம் தராசு இல்லாவிட்டால், வழமையாகக் கொடுப்பதைவிட ஒரு பிடி அல்ல, ஒரு கட்டுக் கூடுதலாகக் கொடுக்கலாம்.

கன்றும் ஆடும் முதலில் விறைக்கும். சிறிய உடம்பு சூட்டை வேகமாக இழக்கும். நடுக்கம் இருக்கும்வரை நம்பிக்கை உண்டு. நடுக்கம் நின்று, வாய்க்குள் விரல் வைத்தால் குளிர்ந்திருந்தால் தாமதிக்க வேண்டாம். சாக்கால் துடைத்து உலர்த்தி, குசினி அடுப்படிக்குக் கொண்டுபோய், சூடேறி உறிஞ்சத் தொடங்கிய பின்பே பால் கொடுங்கள். விறைத்த கன்றின் வாயில் பாலை ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.