கான்கிரீட்டுக்குள்ள கண்ணாடி இழை: அக்கா தரும் 6 டிப்ஸ்

தம்பி, பாலத்துல ஃபைபர் சென்சார் பதிக்கப் போறே. "கண்ணாடி எத்தனை வருஷம்க்கா தாங்கும்?"னு கேட்டே. கனடாவுல கால்கரி நகரத்துப் பெடிங்டன் டிரெயில் பாலத்துல 1993-ல பதிச்ச சென்சார்கள், பல வருஷம் கழிச்சுச் சோதிச்சப்பவும் வேலை செஞ்சுது. இழைக்கு ஆயுசு கெட்டி. கெடுக்கிறது நம்ம கைதான்.

1. உறை: இழையோட கனம் 125 மைக்ரான், தலைமுடி மாதிரி. கான்கிரீட்டோ பிஎச் 12-ஐத் தாண்டின காரம். காரமும் ஈரமும் சேர்ந்தா கண்ணாடியையே அரிக்கும். அக்ரிலேட் பூச்சு மெத்துனு இருக்கும், இழுவையை முழுசா கடத்தாது. பாலிஇமைடு நல்லா கடத்தும், ஆனா காரத்துல நாளடைவில் நலியும். அதனால மேலே இன்னொரு உறை கட்டாயம்.

2. பசை: கம்பியில ஒட்டினா துரு, எண்ணெய் போகத் தேய்ச்சுட்டு எப்பாக்சி போடு. சூப்பர் குளூ சட்டுனு பிடிக்கும். ஆனா ஈரத்துல வருஷக்கணக்கா நிக்காது.

3. கான்கிரீட் போடுற நாள்: சென்சாரைக் கம்பியோட மேல்பக்கம் கட்டாதே, விழுற ஜல்லி நேரா அடிக்கும். பக்கவாட்டுல கட்டு. வைப்ரேட்டர் பிடிக்கிறவருக்கு இடத்தைக் காட்டி, ஒரு டீயும் வாங்கிக் கொடு.

4. வெளிவரும் வாய்: நான் முதல்ல பதிச்சதுல உள்ளே எல்லாம் நல்லா இருந்துச்சு. சென்ட்ரிங் பிரிக்கையில கடப்பாரை பட்டு, இழை கான்கிரீட் விளிம்போட ஒட்ட அறுந்துபோச்சு. ஒட்டவைக்க ஒரு விரக்கடை மிச்சமில்ல. அதுக்கப்புறம், இழை வெளிவர்ற இடத்துல குழாய் போட்டு, சின்னப் பெட்டிக்குள்ள கூடுதல் இழையைச் சுருட்டி வைக்கிறேன்.

5. வெப்பம்: 1550 நானோமீட்டர் அலைநீளத்துல வேலை செய்யுற பிராக் கிரேட்டிங் வகை ஃபைபர் சென்சாருக்கு 1 டிகிரி சூடும், சுமார் 8 மைக்ரோஸ்ட்ரெயின் இழுவையும் ஒண்ணுதான். இழுவை படாம தளர்வா ஒரு சென்சார் பக்கத்துலயே வை. அது காட்டுற சூட்டைக் கழிச்சுட்டுக் கணக்குப் போடு.

6. நோட்டு: கட்டினதும், கான்கிரீட் போடும் முன்னும் பின்னும், 28-ம் நாளும் அளவு எடு. எது எங்கே, எந்த அலைநீளம்னு படத்தோட எழுதி வை. இருபது வருஷம் கழிச்சுப் பெட்டியைத் திறக்கிறவன் நீயா இருக்கமாட்டே. முதல் நாள் அளவு தெரியாம, பாலம் எவ்வளவு மாறியிருக்குன்னு அவன் எதை வெச்சுச் சொல்லுவான்?