பிள்ளை சுகம், தாய் சுகமா?

பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால் நாம் முதலில் என்ன கேட்கிறோம்? "எத்தனை கிலோ? பால் குடிக்கிறதோ? ஆரைப் போல?" தாயிடம் சுகம் கேட்பது குறைவு. கேட்டாலும் பக்கத்தில் நிற்பவர்கள் "அவ நல்லாயிருக்கிறா" என்று பதில் சொல்லிவிடுவார்கள்.

இங்கே லண்டனில் எம்மிடம் மருந்தெடுக்கும் ஓர் இளந்தாய் அண்மையில் ஒரு கடிதத்துடன் வந்தார். தன் வீட்டுக்கு வந்த தாதிக்குத் தமிழில் எழுதிய நன்றிக் கடிதம் அது. ஆங்கிலத்தில் மாற்றித் தரும்படி கேட்டார். அவருடைய அனுமதியுடன், ஆளை அடையாளம் தெரியாதபடி, விடயத்தை இங்கே எழுதுகிறோம்.

அவருக்கு இது முதல் பிள்ளை. சத்திரசிகிச்சை மூலம் பிறந்தது. ஊரிலிருந்து தாயார் வர விசா கிடைக்கவில்லை. கணவருக்கு இரண்டு வேலை. மாமியார் சரக்குத்தண்ணி, பத்தியக்கறி என்று ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் பிள்ளை தூங்கும் நேரத்தில்கூட இவருக்குத் தூக்கமில்லை. "நான் தாயாக இருக்கத் தகுதியில்லாதவள்" என்ற எண்ணமே மனதில் ஓடியது. யாருக்கும் சொல்லவில்லை.

ஐந்தாவது கிழமை ஹெல்த் விசிட்டர் என்னும் தாதி வந்தார். பிள்ளையை நிறுத்துப் பார்த்தபின், மாமியாரைப் பாராட்டிவிட்டு, தாயுடன் தனியே பேச அனுமதி கேட்டார். தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை அழைத்து, "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். இவர் அழத் தொடங்கினார். தாதி கையைப் பிடித்தபடி, அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த நாளே எம்மிடம் அனுப்பிவைத்தார்.

அழுகையெல்லாம் நோயா?

இல்லை. பிள்ளை பிறந்து மூன்றாம் நான்காம் நாளில் காரணமின்றி அழுகை வருவது சாதாரணம். இதை 'பேபி புளூஸ்' என்பார்கள். இரண்டு கிழமைக்குள் தானாகவே மாறிவிடும். அதற்கு மேலும் கவலை, தூக்கமின்மை, எதிலும் விருப்பமின்மை, குற்ற உணர்வு நீடித்தால் அது பிரசவத்தின் பின்னான மனச்சோர்வாக இருக்கலாம். பத்தில் ஒரு தாய்க்கு மேல் இது வருகிறது. இதைக் கண்டறிய உதவும் எடின்பரோ வினாக்கொத்து 1987இல் வெளியானது. கடந்த ஏழு நாட்களைப் பற்றிய பத்துக் கேள்விகள் அதில் உள்ளன. உண்மையான பதில் சொன்னால்தான் பயன்.

"சொன்னால் பிள்ளையைப் பறித்துவிடுவார்களோ" என்று பலர் பயப்படுகிறார்கள். மனச்சோர்வுக்காகப் பிள்ளையைப் பிரிப்பது மிக மிக அரிது. பேச்சுவழிச் சிகிச்சை உண்டு. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மாத்திரைகளும் உண்டு.

குடும்பத்தவர் செய்யவேண்டியவை

* தாதி வந்தால் தாயுடன் தனியே பேச விடுங்கள். தாய்க்காக நீங்கள் பதில் சொல்லாதீர்கள்.
* மொழி கஷ்டமென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். கட்டணம் இல்லை.
* இரவில் ஒரு தடவையாவது கணவர் பிள்ளையைப் பொறுப்பெடுத்து, தாயை நித்திரை கொள்ள விடுங்கள்.
* தாய் இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் வந்தாலோ, அது அவசர நிலை. தனியே விடாதீர்கள். உடனே 999ஐ அழையுங்கள்.

நாம் அகதியாக வந்த காலத்தில் எமது முதற்பிள்ளை பிறந்தது. வைத்தியம் படித்திருந்தும், எமது மனைவியிடம் இந்தக் கேள்வியை நாம் கேட்கவில்லை. பல வருடங்களின் பின்புதான் அந்த நாட்களில் தான் பட்டபாட்டை அவர் சொன்னார். அதனால்தான் இதை அழுத்தி எழுதுகிறோம்.

அந்த இளந்தாய் இப்போது நலம். பிள்ளையும் தவழத் தொடங்கிவிட்டது. கடிதத்தில் அவர் எழுதியிருந்தார்: "எல்லாரும் பிள்ளையைப் பார்க்க வந்தவை. நீங்கள் என்னையும் பார்த்தனீங்கள்."

அடுத்த முறை பிள்ளை பார்க்கப் போகும்போது, தாயின் பக்கத்திலும் கொஞ்ச நேரம் இருந்து சுகம் கேளுங்கள்.