ரவையில் ஒரு கிறிஸ்துமஸ் கேக்

கேள்வி: பக்கத்து வீட்டிலிருந்து வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் தட்டு வருகிறது. அதிலுள்ள கேக் பேக்கரி கேக் மாதிரி இல்லையே? பதிலுக்கு என்ன கொடுப்பது?
– வாசகி, அரியாங்குப்பம்

பதில்: அது விவிக்கம் கேக்காக இருக்கலாம். பிரெஞ்சு–இந்தியக் கலப்பு வம்சாவளியினரான புதுச்சேரி கிரியோல் குடும்பங்களின் கைப்பக்குவம். மைதா இருக்க வேண்டிய இடத்தில் ரவை. கூடவே வெண்ணெய், முட்டை, முந்திரி, ரம்மிலோ பிராந்தியிலோ ஊறிய திராட்சை. அதனால்தான் நாக்கில் நறநறவென்ற ஒரு பதம். வாசனையைக் கேட்கவே வேண்டாம்! (வீட்டில் மது ஆகாதென்றால் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.)

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் பிரெஞ்சு நிர்வாகம் இந்தியாவிடம் கைமாறியது. அடுப்படி கைமாறவில்லை.

கேக்கோடு வேலை முடிவதில்லை. கல்கலா என்ற பலகாரத்துக்குச் சின்ன மாவுருண்டையைச் சீப்பின் பற்களிலோ முள்கரண்டியிலோ அழுத்திச் சுருட்ட வேண்டும். வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அதில் வேலை உண்டு. இயேசு பிறப்புக் காட்சியை வைக்கும் குடிலுக்கு ஒரு வாரம் முன்பே கேழ்வரகை ஊறவைத்து மண்ணில் தூவினால் பச்சைப் புல்வெளி தயார். குழந்தை இயேசுவை நள்ளிரவில்தான் கிடத்துவார்கள். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோவில் அசிசி பிரான்சிஸ் அமைத்த குடில்தான் இதற்கெல்லாம் முன்னோடி.

பரிசு என்றால் நம் பக்கம் முதலில் புதுத்துணி, பிறகு பலகாரத் தட்டு. ரகசியமாகச் சீட்டு எடுத்துப் பரிசு தரும் ‘கிறிஸ்மா – கிறிஸ்சைல்ட்’ விளையாட்டு பள்ளி, அலுவலகம் வழியாக வீட்டுக்குள் வந்தது.

உங்களுக்கு வந்த தட்டுக்கு விலையுயர்ந்த பதில் எதுவும் வேண்டாம். இப்போதைக்குச் சர்க்கரையோ பழமோ வைத்துத் திருப்புங்கள். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் போகட்டும்.