காகம் மறப்பதில்லை, நாமும்தான்



சலாலாவில் நாம் தினமும் காணும் காகம், ஊரில் அமாவாசைக்குச் சோறு வைத்துக் கூப்பிடும் அதே காகம்தான். கப்பலேறி வளைகுடாவுக்கு வந்து பரவிய இனம். கல்லெறிந்தவரைக் காகம் மறக்காது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மையா?

காகத்தின் மூளையில் கண்டது

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் இதை ஆராய்ந்து 2012 இல் வெளியிட்டனர். அந்நாட்டுக் காகங்கள் 12 ஐ ஒரே மாதிரி முகமூடி அணிந்தவர்கள் பிடித்தார்கள். பின்னர் 4 வாரங்கள், வேறொரு முகமூடி அணிந்தவர்கள் உணவு கொடுத்தார்கள்.

அதன்பின் மெல்லிய கதிரியக்கம் கலந்த குளுக்கோஸை ஊசியில் செலுத்தி, ஏதேனும் ஒரு முகத்தைக் காட்டினார்கள். மூளையில் எந்தப் பகுதி அதிகம் வேலை செய்கிறதோ அதுவே அதிக சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். பிறகு மயக்கமருந்து கொடுத்து, 'பெட் ஸ்கேன்' எடுத்தால், விழித்திருந்தபோது வேலை செய்த பகுதிகள் படத்தில் தெரியும்.

பிடித்தவரின் முகத்தைக் கண்டதும் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா, தலமஸ், மூளைத்தண்டு ஆகிய பகுதிகள் கிளர்ந்தன. உணவு தந்தவரின் முகத்துக்கோ கற்றல், பசி, ஊக்கம் சார்ந்த பகுதிகள் வேலை செய்தன. ஆய்வு முடிந்ததும் காகங்கள் விடுவிக்கப்பட்டன.

இதில் நமக்கு என்ன?

காகத்தின் மூளையும் நம்முடையதும் ஒன்றல்ல. ஆனால் நமக்கும் அமிக்டலா உண்டு. ஆபத்து கடந்துபோன பின்னரும், அதை நினைவூட்டும் முகமோ சத்தமோ போதும்; அறிவு யோசிக்குமுன் உடல் பயந்துவிடும். யுத்தத்துக்குத் தப்பி வந்த எங்களைப் போன்றவர்களுக்கு இது புதிதல்ல. ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் இன்றும் நெஞ்சு படபடக்கிறது. சீருடையைக் கண்டால் கை வியர்க்கிறது. விபத்தில் தப்பியவர்களுக்கும், அடி வாங்கி வளர்ந்த பிள்ளைகளுக்கும் இப்படி நேரலாம். இது கோழைத்தனம் அல்ல.

கவனிக்க வேண்டியவை

• கெட்ட கனவு, திடுக்கிடல், காரணமில்லாத எரிச்சல், சில இடங்களைத் தவிர்த்தல் ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். முறையான பேச்சுச் சிகிச்சையால் பலருக்கு நல்ல குணம் கிடைக்கிறது.
• நித்திரை மாத்திரைகளை நீங்களாகவே வாங்கிச் சாப்பிடாதீர்கள். மதுவும் மருந்தல்ல.
• "பழசை மறந்துவிடு" என்று சொல்லாதீர்கள். கட்டளையிட்டு மறக்க முடியாது.
• சொல்ல விரும்பினால் பொறுமையாகக் கேளுங்கள். விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.
• உயிரை மாய்க்கும் எண்ணம் தலைகாட்டினால் தனியே விடாமல், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அப்பா ஏன் சட்டென்று கோபப்படுகிறார், அம்மா ஏன் இரவில் கதவை மூன்று தடவை பார்க்கிறார் என்று பிள்ளைகள் கேட்டால், அவர்களுக்குப் புரியும்படி சொல்லுங்கள். தம்மால்தான் இப்படியோ என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

அந்தக் காகங்கள் பிடித்தவரின் முகத்தை மட்டும் நினைவில் வைக்கவில்லை. சோறு போட்டவரின் முகத்தையும் வைத்திருந்தன. வீட்டில் பயந்துபோன ஒருவர் இருந்தால், நாள்தோறும் அவர் காணும் அன்பான முகம் நம்முடையதாக இருக்கட்டும்.